‘மாற்றமில்லை’ என்று எழுதிய மூன்று வருடங்கள்

போன மாதம் நான் வேலை செய்த பழைய விடுதிக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்பார்கள். பிரஷர் குளிசை எடுக்கப் போனால் கால் தானாக மனநல விடுதிப் பக்கம் திரும்பிவிடுகிறது, வேறொன்றும் இல்லை. தாதியர் மேசையில் இப்போது கணினி வந்துவிட்டது. மாலினி என்ற இளம் தாதி, என்னைக் கதிரையில் இருத்தி அதைக் காட்டினாள்.

“இஞ்சை பாருங்கோ சேர். நேற்று எழுதின குறிப்பை அப்பிடியே இண்டைக்கும் கொண்டுவரலாம். ஒரு தட்டுத்தான். மினைக்கெட்டுத் திரும்ப எழுதத் தேவையில்லை.”

“பிள்ளை, எதையெண்டாலும் தட்டு. அதை மட்டும் தட்டாதை” என்றேன். அவள் சிரித்துக்கொண்டு ஏன் என்று கேட்டாள். ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லக்கூடிய கதையல்ல அது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் நோயாளியின் பெயரை மாற்றியிருக்கிறேன். நான் செய்த பிழையை மாற்றவில்லை.

எங்கள் வீடு சாவகச்சேரிக்குப் பக்கத்தில். நான் தாதி வேலைக்கு எடுபட்டதே என்னைப் பெற்ற ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. மனநலப் பிரிவுக்குப் போகிறேன் என்றதும் “விசர் ஆஸ்பத்திரியிலயோ?” என்று கேட்டுவிட்டு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரேயொரு விஷயம். அதில் சில மாதங்கள் தெற்கே, குற்றம் செய்த மனநோயாளர்களை வைத்திருக்கும் ஒரு விடுதியில் இருந்தேன். உயர்ந்த மதில், இரண்டு இரும்புக் கதவு, ஒன்றைப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் திறப்பார்கள். உள்ளே எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்தார். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் “சாப்பிட்டிட்டீங்களோ?” என்று கேட்டதும் அவர் என் கையைப் பிடித்தவர், சாப்பாட்டு மணி அடிக்கும் வரை விடவில்லை. எத்தனை வருடமாக இருக்கிறார், என்ன வழக்கு என்று விசாரித்தேன். அவருடைய வழக்குக் கோவையின் முதல் பக்கங்களைக் காணவில்லை என்றார்கள். என் கைக்கு வருகிற ஒருவரையும் இப்படிக் கிடக்கவிடமாட்டேன் என்று அன்றைக்கு மனதுக்குள் சபதம் எடுத்தேன். சபதம் எடுக்கும் வயது அது.

இந்த நோயாளர்களின் வழக்கு எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மனநோய் என்று நீதிமன்றம் கண்டால் விசாரணை அப்படியே நின்றுவிடும். தன்மேல் என்ன வழக்கு, நீதிபதி என்ன செய்யப் போகிறார், சட்டத்தரணி எதற்கு நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்கு விளங்கினால்தான் மறுபடி தொடங்கும். அதுவரை அவர் எங்களிடம் இருப்பார். தண்டனை பெற்றவனுக்கு வெளியே போகும் நாள் தெரியும், இவருக்கு அதுவும் தெரியாது. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் வைத்தியசாலையிலிருந்து ஓர் அறிக்கை போகும். கையெழுத்து வைத்தியருடையது. ஆனால் வைத்தியர் கிழமைக்குப் பத்து நிமிடம்தான் ஆளைப் பார்ப்பார். மிச்ச நேரம் முழுக்கப் பார்ப்பவர்கள் தாதிகள். எங்கள் குறிப்பேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் அவர் எழுதுவார்.

எங்கள் வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். குடாநாட்டில் உள்ள ஒன்று. கைதிகளுக்கென்று தனி விடுதி அங்கே கிடையாது, சாதாரண மனநல விடுதியின் மூலையில் இரண்டு கட்டில் மட்டும். கைதியின் ஒரு கால் சங்கிலியால் கட்டிலோடு பூட்டப்பட்டிருக்கும். பக்கத்தில் கதிரை போட்டுச் சிறைக் காவலர் ஒருவர் இருப்பார். காலையில் நாங்கள் நான்கு கேள்வி கேட்போம். உங்கள் பெயர் என்ன? இன்றைக்கு என்ன கிழமை? இது என்ன இடம்? ஏன் இங்கே வந்தீர்கள்?

யோகநாதன் அந்தக் கட்டிலுக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயதுக்குக் கிட்ட. உடுப்பிட்டிப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்தவர். கலியாணம் கட்டவில்லை. அக்காவோடும் அத்தானோடும் ஒரே வளவில் இருந்தார். நோய் முற்றிய நாட்களில், அத்தான் கிணற்றில் நஞ்சு கலக்கிறார் என்ற எண்ணம் அவருக்குள் புகுந்துவிட்டது. ஒருநாள் காலை தோட்டத்தில் வைத்து அத்தானை மண்வெட்டியால் அடித்தார். அத்தான் அந்த இடத்திலேயே இறந்துபோனார். பொலிஸ் வரும்போது யோகநாதன் கிணற்றுக்கட்டில் காவல் இருந்திருக்கிறார். ஒருவரும் தண்ணீர் அள்ளிக் குடித்துவிடக்கூடாதாம்.

எங்களிடம் வந்த முதல் மாதங்களில் அவர் பைப் தண்ணீரையும் தொடமாட்டார். சத்தம் போடுவார், சங்கிலியை இழுத்துக் காலைப் புண்ணாக்குவார். ஊசியும் குளிசையும் போகப் போக அடங்கினார். அரை வருடத்துக்குள் தண்ணீர் குடித்தார், நித்திரை கொண்டார். முதல் மூன்று கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். நான்காவதைக் கேட்டால் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். நான் எழுதுவேன்: “நான்காம் கேள்விக்குப் பதில் இல்லை. மாற்றமில்லை.” கொஞ்சக் காலத்தில் முதல் வசனத்தையும் விட்டுவிட்டேன். அப்போது விடுதிப் பொறுப்பு என்னிடம். ஆள் பற்றாக்குறை. நிரந்தர மனநல வைத்தியர் இல்லை, வேறிடத்திலிருந்து ஒருவர் கிழமைக்கு ஒருமுறை ஓடி வந்து ஓடிப் போவார். அவர் என் குறிப்பைப் பார்த்து எழுதினார். நீதிமன்றம் அவருடைய அறிக்கையைப் பார்த்துத் தவணை போட்டது. இப்படியே மூன்று வருடம் போனது.

இடையில் ஒருநாள் அவருடைய அக்கா வந்தார். வெள்ளைச் சேலை. கையில் சோற்றுப் பாத்திரம். கட்டிலுக்குப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து வெகுநேரம் தம்பியையே பார்த்தார். பிறகு, “ஏனடா தம்பி அப்பிடிச் செய்தனீ?” என்று மட்டும் கேட்டார். யோகநாதன் சுவர்ப் பக்கம் திரும்பினார். அக்கா எழுந்து போய்விட்டார், பாத்திரத்தை எடுக்கவும் இல்லை, பிறகு வரவும் இல்லை. அன்றைய குறிப்பில் நான் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. “உறவினர் வந்து சென்றார். மாற்றமில்லை.”

அதன் பிறகுதான் டொக்டர் ஸ்ரெலா எங்கள் விடுதிக்கு நிரந்தரமாக வந்தார். குருநகர்க்காரி. தகப்பன் கடலுக்குப் போனவர். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்பதே எனக்கு முதலில் ஒரு கடுப்பு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நோயாளியோடு நின்றபடி கதைக்கமாட்டார், கதிரை இல்லாவிட்டால் கட்டில் விளிம்பில் இருப்பார். குறிப்பேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வாசிப்பார். ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து வாசிப்பார். விரல் ஓரிடத்தில் நின்றால் எங்களில் ஒருவருக்கு அன்றைக்குச் சனி.

வந்த மூன்றாம் நாள் விரல் யோகநாதனின் குறிப்பேட்டில் நின்றது.

“உதை ஆர் எழுதினது?”

“நான்தான் டொக்டர்.”

“சத்தமா வாசியுங்கோ.”

வாசித்தேன். மாற்றமில்லை. மாற்றமில்லை. மாற்றமில்லை. ஒரு பக்கம் முடிந்து நிமிர்ந்தேன். அடுத்த பக்கம் என்று கையால் காட்டினார். சிற்றூழியர்கள் விளக்குமாற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலாம் பக்கத்தோடு குறிப்பேட்டை மூடினேன்.

“மூண்டு வருசத்திலை இந்த மனிசற்றை நகமாவது வளர்ந்ததோ, இல்லாட்டி அதுவும் மாற்றமில்லையோ?” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. “ரெண்டு கிழமை தாறன். உந்தச் சொல்லை எழுதக்கூடாது. நாலு கேள்வியையும் கேக்கக்கூடாது. அவர் என்ன செய்யிறார் எண்டதை மட்டும் எழுதுங்கோ.”

கோபம்தான் வந்தது. இருபத்தைந்து வருட சேவைக்காரனுக்கு வகுப்பு எடுக்கிறாரா என்று வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினேன். எழுதிக் காட்டி வாயை அடைக்கிறேன் என்ற வீம்போடுதான் மறுநாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

முதல் நாளே யோகநாதன் குளிசையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “மிஸ்ஸி, இண்டைக்கு ஒண்டு குறையுது” என்று தாதியிடம் சொன்னார். உண்மையில் ஒன்று குறைந்திருந்தது. மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரருக்கு வலிப்பு வந்தது. சங்கிலி விடுகிற அளவுக்கு எட்டி அவருடைய தலைக்குக் கீழே தன் தலையணையைத் தள்ளிவிட்டு எங்களைக் கூப்பிட்டவர் யோகநாதன். காவலுக்கு வந்த சுனில் என்ற தென்னிலங்கைக்காரர் குவாட்டர்ஸ் வளவில் வெங்காயம் வைத்திருந்தாராம். அவருக்கு யோகநாதன் நாளும் பொழுதும் வெங்காயப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

“தாள் நுனி மஞ்சளாகினா உடனை மருந்து அடியாதையும். முதல் தண்ணியைக் குறையும். வேர் அழுகுதோ எண்டு ஒரு செடியைப் பிடுங்கிப் பாரும்.”

“பிடுங்கினா செத்து போகும் தானே?” என்றார் சுனில்.

“ஒண்டு சாகும். பாத்தி தப்பும்.”

இதெல்லாம் என் மூக்குக்குக் கீழே எத்தனை மாதமாக நடந்திருக்கிறது! இரண்டு கிழமையில் பதினாறு பக்கம் எழுதினேன். டொக்டர் வாசித்துவிட்டுப் பாராட்டவில்லை. “அப்ப நாலாம் கேள்விக்கு மட்டும் ஏன் வாய் திறக்கிறாரில்லை?” என்று கேட்டார். பிறகு தானே வேறொரு கேள்வி கேட்டார். “அதைக் கேக்கேக்கை பக்கத்திலை ஆர் இருக்கிறது?”

“காவலர்.”

“எல்லா நாளுமோ?”

“எல்லா நாளும்தான்.”

சுனிலைக் கூப்பிட்டார். நோயாளியோடு தனியே கதைக்கவேண்டும் என்றார். சுனில் மறுப்பாகத் தலையை ஆட்டினார். “ஆள் கண்ணுக்கு தெரிய வேணும் டொக்டர். அது ஓடர்.”

“காதுக்குக் கேக்கவேணும் எண்டும் ஓடர் இருக்கோ?”

சுனில் கொஞ்சம் யோசித்தார். “அப்பிடி இல்லை.”

மருந்து அறைக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. சுனில் அதற்கு வெளியே நின்றார். உள்ளே நாங்கள் மூன்று பேர். டொக்டர் தன் கதிரையை யோகநாதனுக்கு நேரே இழுத்துப் போட்டார்.

“நடந்த சம்பவத்தைச் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை. உங்களிலை என்ன வழக்குக் கிடக்கு எண்டு தெரியுமோ?”

யோகநாதன் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அதுகளைக் கதைக்கக்கூடாதெண்டு அப்புக்காத்தர் சொன்னவர்.”

முதல் தவணையின்போது அவருக்காக நின்ற சட்டத்தரணி, “வழக்கைப் பற்றி ஆரோடையும் ஒரு சொல்லுக் கதையாதையும், முக்கியமா ஜெயில்காரருக்கு முன்னாலை வாய் திறவாதையும், நான் சொன்னாப் பிறகு கதையும்” என்று சொல்லியிருக்கிறார். எந்தச் சட்டத்தரணியும் சொல்லும் புத்திமதிதான். அப்போது யோகநாதனுக்கு நோய் உச்சம், ஆனாலும் அந்த ஒரு சொல் மனதில் ஏறிவிட்டது. சுகமான பிறகு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சொன்னவரோ அடுத்த வருடமே கனடாவுக்குப் போய்விட்டார். பிறகு வந்தவர்கள் ‘மாற்றமில்லை’ என்ற அறிக்கையைப் பார்த்ததோடு சரி, ஆளைப் பார்க்க வரவில்லை. கதையும் என்று சொல்ல அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை. சுகமான மனிதர் தன் சட்டத்தரணிக்குக் கீழ்ப்படிந்து நடந்ததை நான் நோய் என்று எழுதியிருக்கிறேன். அதுவும் காவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டு.

“அக்கா வந்தவ” என்றார் யோகநாதன். “அண்டைக்கும் காவல்காரர் பக்கத்திலை இருந்தவர். எப்பிடிக் கதைக்கிறது?” அதற்குப் பிறகு அழத் தொடங்கினார். டொக்டர் அவர் அழுது முடிக்கும் வரை இருந்தார். நான் எழுந்து யோகநாதனுக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியை மறைத்து நின்றேன், சுனில் பார்க்காமல் இருக்கட்டும் என்று. உண்மையில் என் முகத்தை யோகநாதன் பார்க்கக்கூடாது என்றுதான்.

யோகநாதனின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு நான் உடுப்பிட்டிக்குப் போனேன். அக்கா முற்றத்தில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னை இருக்கச் சொல்லவில்லை. தம்பிக்குச் சுகம், வழக்குத் திரும்பத் தொடங்கும் என்றேன்.

“அப்ப தான் என்ன செய்தவன் எண்டு அவனுக்குத் தெரியுமோ?”

“ஓம், தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ என்ரை முகத்தைப் பாக்காமல் திரும்பினவன்?”

சட்டத்தரணி சொன்னதையும் காவலர் இருந்ததையும் சொன்னேன். அவர் வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தார். “என்ரை மனுசன் செத்ததுக்கு இண்டைவரைக்கும் ஒருத்தரும் எனக்கு ஒரு மறுமொழி சொல்லேல்லை. கோட்டுக்கு வாறன். அவன் என்ன சொல்லுறான் எண்டு என்ரை காதாலை கேக்கவேணும்.”

டொக்டரின் புதிய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. யோகநாதனுக்குப் புதிதாக ஒரு சட்டத்தரணியும் வந்தார். நாங்கள் எதிர்பார்த்ததுபோலவே அரச சட்டத்தரணி கேள்வி கேட்டார்: மூன்று வருடம் மாற்றமில்லாதவர் இரண்டு கிழமையில் எப்படிச் சுகமானார்? குறிப்பை எழுதியவருக்கு அழைப்பாணை வந்தது. நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. கூட வேலை செய்த ஒருவர் என்னைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்ணை, பென்சன் கிட்ட வருது. முந்தி வந்துபோன டொக்டரின்ரை தலையிலை போட்டுவிடுங்கோ. அந்தாள் இடம் மாறிப் போட்டுது தானே.”

நல்ல மனதோடு சொன்னதுதான். ஒரு நிமிடம் அது இனிக்கவும் செய்தது. பிறகு அந்தத் தெற்கு விடுதி ஞாபகம் வந்தது. முதல் பக்கங்கள் காணாமல் போன அந்தக் கோவையைத் தொலைத்தவனும் என்னைப்போல ஒரு நல்ல மனிதனாகத்தான் இருந்திருப்பான். அவனும் வேறு யாருடைய தலையிலோ போட்டிருப்பான். தேத்தண்ணியை முடிக்காமல் எழுந்து வந்தேன்.

மேல் நீதிமன்றத்தில் நான் கூண்டில் ஏறியதும் அரச சட்டத்தரணி எழுந்தார்.

“மாற்றமில்லை என்று எழுதியவர் நீங்களா?”

“ஓம்.”

“அப்படியானால் இவர் எப்போது சுகமடைந்தார்?”

“ரெண்டு வருசத்துக்கு மேலை இருக்கும். சரியான நாள் எனக்குத் தெரியாது. நான் ஆளைப் பாக்காமல் எழுதினன்.”

“பொய்யாக எழுதினீர்களா?”

“பொய்யெண்டு நினைச்சு எழுதேல்லை. ஆனா எழுதினது உண்மையில்லை.”

நீதிபதி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு யோகநாதனின் பக்கம் திரும்பி, உம்மீதான குற்றச்சாட்டு விளங்குகிறதா என்று கேட்டார். யோகநாதன் வாய் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் சிறைக் காவலர்கள். அரச சட்டத்தரணி தன் கடதாசியில் ஏதோ குறித்தார். இன்னொருமுறை ‘மாற்றமில்லை’ என்று யாராவது எழுதினால் இந்த மனிதர் அந்த மூலைக் கட்டிலிலேயே செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். யோகநாதன் தலையைத் திருப்பித் தன் புதிய சட்டத்தரணியைத் தேடினார்.

“ஐயா, இப்ப கதைக்கலாமோ?”

“கதையும், கதையும்” என்றார் சட்டத்தரணி.

“விளங்குது ஐயா. அத்தானை நான் மண்வெட்டியாலை அடிச்சுச் சாகடிச்சதெண்டு வழக்கு.” நீதிபதி போதும் என்று கையைக் காட்டினார். அவர் நிற்கவில்லை. பின் வாங்கில் இருந்த அக்காவைப் பார்த்துத் திரும்பிவிட்டார். “அக்கா, அத்தான் கிணத்துக்கு ஒண்டும் செய்யேல்லை. அந்தாள் ஒண்டும் செய்யேல்லை அக்கா.”

சட்டத்தரணி பதறிப்போய் அவரை உட்காரச் சொன்னார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு, யாருக்குப் பதில் சொல்கிறார் என்று தெரியாமல், தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

விசாரணை நடந்தது. செய்த நேரத்தில் புத்தி சரியாக இல்லாதவர் என்ற தீர்ப்போடு அவரைத் தெற்கே, நான் பயிற்சி எடுத்த அதே விடுதிக்கு அனுப்பினார்கள். சட்டம் அப்படித்தான். டொக்டர் ஸ்ரெலா அதோடு விடவில்லை, நானும் விடவில்லை. அவருடைய நிலைமை என்னவென்று கேட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே கடிதம் போட்டோம். பதில் வராவிட்டால் மறுபடி போட்டோம். அக்கா பஸ் ஏறிப் போய் அவரோடு தமிழில் கதைத்துவிட்டு வந்தார். இதற்கிடையில் என்மேல் விசாரணை வைத்து எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். பிரியாவிடையில் கிடைத்த வாழ்த்து மடல் எங்கே என்று தெரியாது, அந்தக் கடிதம் என் அலுமாரியில் இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னர் யோகநாதனை விட்டார்கள். அக்காவின் பொறுப்பில், எங்கள் கிளினிக்கில் மாதம் ஓர் ஊசி என்ற நிபந்தனையோடு. முதல் மாதம் அக்காவே கூட்டிக்கொண்டு வந்து வெளியே வாங்கில் இருந்தார். ஊசியைப் போட்டு முடித்தபின், அவ்வளவு காலமும் கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டேன்.

“உங்களுக்கு என்னிலை கோவமில்லையோ?”

சட்டையைச் சரிசெய்தபடி யோசித்தார்.

“கோவம் எண்டு சொல்லேலாது. ஒவ்வொரு நாளும் நீங்கள் எழுதேக்கை உங்கடை கையைத்தான் பாத்துக்கொண்டு கிடப்பன். தொடங்கினவுடனை முடிஞ்சிடும். என்னைப் பற்றி எழுத உவ்வளவுதான் கிடக்காக்கும் எண்டு நினைச்சன்.”

அவருடைய கிளினிக் அட்டையை எடுத்து எழுதத் தொடங்கினேன். முகம் சவரம் செய்திருந்ததை எழுதினேன். நகத்துக்குள் தோட்டத்து மண் இருந்ததை எழுதினேன். அக்கா வெளியே காத்திருப்பதை எழுதினேன். அட்டையின் கீழ்ப்பகுதி நிரம்பி மறுபக்கம் திருப்பினேன். ஊசி போட்டால் போகவேண்டியதுதான், ஆனால் யோகநாதன் எழும்பவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.